காருக்கும் பதினைந்து நாள் விசா: கோத்தன்பர்க் நாட்குறிப்பு

கிளம்பும் முன்

அமெரிக்காவில் இருப்பவர்கள் வால்வோவின் வெளிநாட்டு டெலிவரித் திட்டத்தில் கார் வாங்கினால், வண்டியை ஸ்வீடனிலேயே கையில் வாங்கி, கொஞ்ச நாள் ஓட்டி, அங்கேயே ஒப்படைத்துவிட்டு வரலாம். பிறகு அது கப்பலேறி உங்கள் டீலரிடம் வந்து சேரும். இரண்டு பேருக்குப் போக வர விமானச் சீட்டு, கோத்தன்பர்க்கில் ஓர் இரவு ஓட்டல், பதினைந்து நாள் பதிவும் காப்பீடும், கப்பல் செலவு எல்லாம் விலைக்குள் அடக்கம். குழந்தைகளின் டிக்கெட் உங்கள் கணக்கு. 2019 செப்டம்பர் நிலவரப்படி எழுதிய குறிப்பு இது. சரத்துகள் அவ்வப்போது மாறும் என்பதால், ஒப்பந்தத்தில் இருப்பதையே இறுதியாகக் கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் மற்ற விதிகள் எல்லாம் தானாகப் புரியும். இந்தப் பயணத்தில் நீங்கள் மட்டுமல்ல, காரும் சுற்றுலாப் பயணிதான். அது அமெரிக்க விதிகளுக்காகச் செய்த வண்டி. ஸ்வீடனின் 25 சதவீத விற்பனை வரி அதற்குக் கட்டப்படவில்லை. ஐரோப்பாவை விட்டு வெளியேறப் போகும் ஏற்றுமதிச் சரக்கு என்பதால்தான் தற்காலிகப் பதிவில் ஓட விடுகிறார்கள். பதிவுத் தேதி முடிந்தால் காப்பீடும் முடியும். நீட்டிக்க வேண்டுமானால் முன்கூட்டியே கேட்டுப் பணம் கட்ட வேண்டும்.

எல்லா மாடலும் இதில் வராது. 2018-இல் தென் கரோலினாவில் ஆலை திறந்த பிறகு, அமெரிக்கச் சந்தைக்கான அப்போதைய புதிய எஸ்60 அங்கேயே தயாரானது. குடும்பத்துக்கென்று பார்த்தால் ஏழு இருக்கை எக்ஸ்சி90 தான் பொருத்தம். கோத்தன்பர்க்கை ஒட்டிய டோர்ஸ்லாண்டா ஆலையில் அது உருவாகிறது. பயணத்துக்கு மூன்று, நான்கு மாதம் முன்பே ஆர்டர் போட்டால்தான் கேட்ட நிறமும் கேட்ட உள் அலங்காரமும் கிடைக்கும்.

டீலர்களில் பலருக்கு இந்தத் திட்டம் பழக்கமில்லை. கடையில் நிற்கும் வண்டியை விற்பதே அவர்களுக்கு எளிது. ஆகவே, இந்தத் திட்டத்தில் ஏற்கெனவே விற்றவர் யார் என்று கேட்டு அவரிடம் மட்டும் பேசுங்கள். மூன்று பதில்களை எழுத்தில் வாங்குங்கள். கடன் தவணை எந்தத் தேதியில் தொடங்குகிறது? உத்தரவாதம் எந்த நாளிலிருந்து ஓடுகிறது? காப்பீட்டில் நம் கையிலிருந்து போகும் தொகை எவ்வளவு? டெலிவரிக்கு முன்பே முழுப் பணமும் போய்ச் சேர வேண்டும் என்பதால், வண்டி வீட்டுக்கு வராத வாரங்களிலும் தவணை ஓடும். இதை எதிர்பார்க்காதவர்கள்தான் பின்னால் சண்டை போடுகிறார்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிப் பத்தி. கிரீன் கார்டு இருந்தாலும், எச்-1பி வேலை விசா இருந்தாலும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். 2019-இல் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிலிருந்துதான் விண்ணப்பிக்க முடிந்தது. 15 நாளுக்கும் குறைவாக இருக்கும்போது போய் நிற்கக் கூடாது. கட்டணம் 2019-இல் 60 யூரோவாக இருந்தது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவப் பயணக் காப்பீடு காட்ட வேண்டும். அதிக இரவுகள் எந்த நாட்டிலோ அந்த நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பம். கார் ஸ்வீடனில் என்பதற்காக, நார்வேயில் ஏழு இரவு தங்கிவிட்டு ஸ்வீடனிடம் விசா கேட்க முடியாது. இதைவிடப் பெரிய பள்ளம் திரும்பி வருவதில் இருக்கிறது. எச்-1பி அனுமதி நீட்டிப்பு கையில் இருக்கும், கடவுச்சீட்டில் ஒட்டிய விசா காலாவதியாகியிருக்கும். கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாளுக்குள் போய் வந்தால் கிடைக்கும் விலக்கு ஐரோப்பாவுக்குக் கிடையாது. கார் கப்பலில் அமெரிக்கா போய்விடும், உரிமையாளர் புது விசாவுக்காகத் தூதரக வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

இந்த வண்டியை அப்படியே இந்தியாவுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கிறது. இந்தியாவில் இறக்குமதியாகும் புதுக் காருக்கு ஸ்டீயரிங் வலது பக்கம் இருந்தாக வேண்டும். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

நாள் 1, திங்கள்: தரையிறங்குதல்

விமான நிலையத்தின் பெயர் லாண்ட்வெட்டர், நகரத்திலிருந்து கிழக்கே சுமார் 25 கிலோமீட்டர். சாலைப் பலகைகளில் நகரத்தின் பெயர் ஸ்வீடிஷ் எழுத்தில் இருக்கும். உள்ளூர்க்காரர்கள் வாயில் அது யோத்தெபோரி.

இன்று கார் கிடையாது, கிடைத்தாலும் எடுக்கக் கூடாது. அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து வருபவருக்கே ஆறு மணி நேர வித்தியாசம். மேற்குக் கரை என்றால் ஒன்பது. தூக்கம் கெட்ட கண்ணோடு புது வண்டியின் பெயிண்டைப் பரிசோதித்தால் கீறல் எதுவும் தெரியாது.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: கடன் அட்டைக்கு நான்கு இலக்க ரகசிய எண் (பின்) இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது. ஸ்வீடனில் ரொக்கம் வாங்காத கடைகள் ஏராளம். ஆளில்லாத பெட்ரோல் பங்க்குகள் பின் எண் கேட்கும். கையெழுத்துப் போட்டே பழகிய அமெரிக்க அட்டை அங்கே முகம் திருப்பிக்கொள்ளும். ஊரில் இருக்கும்போதே வங்கியிடம் கேட்டு வாங்கியிருந்தால் நல்லது.

நாள் 2, செவ்வாய்: சாவி

ஓட்டலில் இருந்து டெலிவரி மையத்துக்கு அவர்களே அழைத்துப் போகிறார்கள். முதலில் காகிதம், பிறகு கார்.

காகிதத்தில் பார்க்க வேண்டியது அடையாள எண். 17 எழுத்துகள். கண்ணாடிக்குப் பின்னால் டாஷ்போர்டின் இடது ஓரத்தில் இருப்பதும், கதவுத் தூணில் ஒட்டியிருப்பதும், பதிவுத் தாளில் இருப்பதும் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒத்துப்போக வேண்டும். பத்தாவது இடம் மாடல் ஆண்டு: 2019-க்கு கே, 2020-க்கு எல். பதினோராவது இடம் ஆலை: 1 என்றால் டோர்ஸ்லாண்டா. கூடவே பச்சை அட்டை எனப்படும் பன்னாட்டுக் காப்பீட்டுத் தாள் ஒன்று தருவார்கள். அதில் எந்த நாடுகளின் குறியீடு குறுக்குக் கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கிறதோ அங்கெல்லாம் காப்பீடு செல்லாது. எல்லையில் நின்று படிப்பதைவிட மேசையில் உட்கார்ந்து படிப்பது மேல்.

நம்பர் பிளேட்டில் ஒரு சங்கதி உண்டு. ஐரோப்பியத் தகடு ஏறத்தாழ அரை மீட்டர் நீளம், உயரம் குறைவு. அமெரிக்கத் தகடு 12 அங்குலத்துக்கு 6. ஸ்வீடனில் முன்னும் பின்னும் தகடு கட்டாயம். உங்கள் மாநிலத்தில் முன் தகடு தேவையில்லை என்றால், முன் பம்பரில் ஓட்டை போடாமல் மாட்ட வழியுண்டா என்று ஆர்டர் போடும்போதே டீலர் வழியாகக் கேட்க வேண்டும். இன்று காலையில் கேட்டால், தகடு ஏற்கெனவே மாட்டியாகியிருக்கும்.

வண்டியைச் சுற்றி வரும்போது அவசரம் வேண்டாம். மண்டபத்தின் விளக்கில் எல்லாமே பளபளக்கும். நேராக நின்று பார்க்காமல் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். கதவு இடைவெளிகள் மேலும் கீழும் ஒரே அகலமா, நான்கு சக்கர விளிம்பிலும் உரசல் இல்லையா, சரக்கு அறைத் தளத்துக்கு அடியில் மாற்றுச் சக்கரமும் ஜாக்கியும் இழுவைக் கொக்கியும் இருக்கின்றனவா. முக்கோண எச்சரிக்கைப் பலகை வண்டியில் இருக்க வேண்டும் என்பது ஸ்வீடன் சட்டம். குறை எதுவாக இருந்தாலும் கையெழுத்துப் போடும் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்ச்சொல் அட்லாண்டிக்கைத் தாண்டாது.

திரையில் அமைப்புகளுக்குப் போய் அலகுகளை மெட்ரிக் என்று மாற்றுங்கள். வேகமானி கிலோமீட்டருக்கு மாறும். மாற்றாமல் கிளம்பியவர் 70 என்ற பலகையைப் பார்த்து 70 மைலில் போவார். அது சுமார் 113 கிலோமீட்டர். எஃப்எம் ரேடியோ சில நிலையங்களைப் பிடிக்காவிட்டால் கோளாறு என்று புகார் கொடுக்க வேண்டாம். அமெரிக்க ரேடியோ 0.2 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் தாவுகிறது, ஐரோப்பிய நிலையங்கள் அந்த இடைவெளிகளுக்கு நடுவிலும் உண்டு.

குழந்தை இருக்கைதான் இன்றைய கடினமான விஷயம். ஸ்வீடனில் 135 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தை தனி இருக்கையிலோ உயர்த்தும் மெத்தையிலோதான் உட்கார வேண்டும், அதுவும் ஐரோப்பிய ஒப்புதல் முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து தூக்கிக்கொண்டு போகும் இருக்கையில் அந்த முத்திரை இராது. அங்கே வாங்கிய இருக்கைக்கு அமெரிக்காவில் சட்ட ஒப்புதல் இல்லை. ஆக, வாடகைக்கு எடுப்பதே விவேகம். பிடிமானக் கொக்கிகளின் இடைவெளி இரண்டு கண்டத்திலும் ஒன்றுதான், ஆனாலும் மாட்டி, அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாடகைக் கடையை விட்டு நகர வேண்டும். இன்னொன்று. ஸ்வீடிஷ் குடும்பங்கள் பின்நோக்கிய இருக்கையை முன் சீட்டில் வைத்து ஓட்டுவதைப் பார்ப்பீர்கள். அவர்கள் வண்டியில் காற்றுப்பையை அணைக்கத் தனி சுவிட்ச் உண்டு. அமெரிக்க மாடலில் அந்த சுவிட்ச் இல்லை, எடையை உணரும் கருவிதான் முடிவெடுக்கும். அவர்களைப் பார்த்து நாம் செய்யக் கூடாது.

நாள் 3, புதன்: ஆலையும் நகரமும்

டோர்ஸ்லாண்டா ஆலை 1964-இல் திறக்கப்பட்டது. நீல நிறத்தில் ஒரு குட்டி ரயில் உள்ளே சுற்றிக் காட்டும். படம் எடுக்க அனுமதி இல்லை. ஜூலையில் ஸ்வீடன் தொழிற்சாலைகள் மொத்தமாக விடுமுறை விடும் வழக்கம் இருப்பதால், ஆலை பார்க்க ஆசைப்படுபவர்கள் பள்ளி விடுமுறை என்று ஜூலையில் வந்தால் வெறும் சுவரைத்தான் பார்ப்பார்கள். உங்கள் வண்டி உங்கள் கண் முன்னே உருவாகும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். அது சில வாரங்கள் முன்பே தயாராகிவிட்டது. மூன்று முனை சீட் பெல்ட் 1959-இல் இந்த நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் கையில் பிறந்தது. காப்புரிமையை மற்ற நிறுவனங்களுக்கும் திறந்து விட்டார்கள். அந்தக் கதை 2019-இல் வால்வோ அருங்காட்சியகத்தில் இருந்தது.

நகருக்குள் நெரிசல் வரி உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6 முதல் மாலை 6:29 வரை கேமரா பிடிக்கும், ஒரு நாளுக்கு உச்சம் 60 குரோனர், ஒரு மணி நேரத்துக்குள் பல கேமராக்களைக் கடந்தால் ஒரே கட்டணம். நின்று கட்டும் சாவடி இல்லை. தற்காலிகத் தகட்டுக்கான பில் எந்த முகவரிக்குப் போகும் என்று டெலிவரி மையத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டிராம் ஓடும் ஊர் இது. அமெரிக்கப் பழக்கத்தில் சிவப்பு விளக்கில் நின்று பார்த்து வலது பக்கம் திரும்பினால் அபராதம்தான். இங்கே அதற்கு அனுமதி இல்லை. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலது பக்கமிருந்து வருபவருக்கே முன்னுரிமை. அவர் சந்திலிருந்து சைக்கிள் வேகத்தில் வந்தாலும் நீங்கள் நிற்க வேண்டும். சந்திப்பிலிருந்தும் பாதசாரிக் கடவையிலிருந்தும் 10 மீட்டருக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது. மது அளவு 0.02 சதவீதம், அதாவது அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அனுமதிக்கும் 0.08-இல் கால் பங்கு. இரவுச் சாப்பாட்டோடு ஒரு பீர் என்றால் சாவியை ஓட்டலில் வைத்துவிடுங்கள்.

நாள் 4, வியாழன்: கோத்தன்பர்க்கிலிருந்து கிரென்னா, சுமார் 190 கி.மீ.

ஆல்ப்ஸ் மலை வரை போய் வந்துவிடலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். இரண்டு வாரத்துக்குக் குறைவாக இருப்பவர்கள், குழந்தைகளோடு வருபவர்கள், அந்த ஆசைக்கு இடம் கொடுக்க வேண்டாம். ஜெர்மனியின் நகர மையங்களுக்குப் புகை மாசு அளவைக் காட்டும் பச்சை ஸ்டிக்கர், ஆஸ்திரியாவுக்கும் ஸ்விட்சர்லாந்துக்கும் நெடுஞ்சாலைக் கட்டண வில்லை, டென்மார்க்கில் பாலக் கட்டணம் என்று ஒவ்வொரு எல்லையிலும் தற்காலிகத் தகடு உள்ள வண்டிக்குப் புதுக் கேள்வி எழும். தென் ஸ்வீடனில் ஒரு வளையம் அடித்தால் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். ஒரு விசா, ஒரே சட்டம்.

சாலை எண் 40-இல் யான்ஷோப்பிங் வரை, அங்கிருந்து வெட்டர்ன் ஏரிக்கரையோடு இ4-இல் வடக்கே. புது டயரின் மேல் வார்ப்பிலிருந்து வந்த வழுவழுப்பு தேய, முதல் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை மழையில் பிடி குறைவு, வளைவில் வேகத்தைக் குறையுங்கள். என்ஜினுக்கும் இதே நிதானம்: மிதியை முழுக்க அழுத்தாதீர்கள், ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டாதீர்கள், பாரம் இழுக்காதீர்கள்.

பெட்ரோல் பங்கில் குழம்ப வேண்டாம். பெட்ரோலுக்கு வட்டச் சின்னம், டீசலுக்குச் சதுரச் சின்னம். 2018 அக்டோபரிலிருந்து ஐரோப்பா முழுக்க இதுதான் முறை. பம்பில் எழுதியிருக்கும் 95 என்ற ஆக்டேன் எண்ணை அமெரிக்கப் பம்பின் 87, 91 ஆகியவற்றோடு நேராக ஒப்பிடக் கூடாது. கணக்கிடும் முறை வேறு. ஐரோப்பாவின் 95, அமெரிக்கக் கணக்கில் சுமார் 91 வரும். எக்ஸ்சி90-க்கு அது போதும். தொட்டியின் கொள்ளளவு சுமார் 71 லிட்டர்.

கிரென்னாவில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட புதினா மிட்டாயைக் கண்ணெதிரே இழுத்து முறுக்குவார்கள். 1859-இல் அமாலியா எரிக்சன் என்ற விதவைப் பெண் தொடங்கிய தொழில்.

நாள் 5, வெள்ளி: கால்மர், ஓலாண்ட்

இன்று சுமார் 250 கிலோமீட்டர், பாதிக்கு மேல் காட்டு வழி. அந்தி சாயும் நேரமும் விடியலும் எல்க் மான் சாலையைக் கடக்கும் பொழுதுகள். கால்கள் நீளம், உடல் கனம். பம்பர் காலைத் தட்டினால் உடல் நேராக முன் கண்ணாடிக்கு வரும். ஒன்று கடந்தால் பின்னாலேயே கன்று வரும் என்று எண்ணி நில்லுங்கள். மோதிவிட்டால் 112-க்கு அழைத்துக் காவல்துறையிடம் சொல்வது சட்டக் கடமை. விலங்கு எழுந்து ஓடிவிட்டாலும் இடத்தை அடையாளம் வைத்துச் சொல்ல வேண்டும். காப்பீடு கேட்பதற்கும் அந்தப் பதிவு தேவைப்படும்.

கால்மரிலிருந்து ஓலாண்ட் தீவுக்குப் போகும் பாலம் 6,072 மீட்டர், 1972-இல் திறந்தது, கட்டணம் இல்லை. தீவில் காற்றாலைகள், தட்டையான சுண்ணாம்புப் பாறை வெளி, குழந்தைகள் ஓட இடம். தெற்குப் பகுதி 2000-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மண் சாலையில் வண்டியை இறக்காதீர்கள். காரணம் நாள் 7-இல்.

நாள் 6, சனி: இ22-இல் மால்மோ, சுமார் 285 கி.மீ.

வழியில் கார்ல்ஸ்க்ரோனா கடற்படை நகரம், மதியச் சாப்பாட்டுக்கு வசதியான இடம். இந்தச் சாலையின் பல துண்டுகள் ‘இரண்டு கூட்டல் ஒன்று’ வகை. நடுவில் இரும்புக் கம்பிவடம், ஒரு திசைக்கு இரண்டு தடம், மறு திசைக்கு ஒன்று, சில கிலோமீட்டருக்கு ஒரு முறை மாறும். முந்த வேண்டுமானால் உங்களுக்கு இரண்டு தடம் வரும் வரை பொறுங்கள். தடம் முடியும் நேரத்தில் கடைசி லாரியையும் முந்தப் பார்ப்பவர்தான் வடத்தை உரசுகிறார். வேகக் கேமராவுக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்கள். அதையும் மீறி மாட்டினால் குறை சொல்ல ஆளில்லை. கையில் போன் பிடித்து ஓட்டுவது 2018 பிப்ரவரியிலிருந்து குற்றம்.

நாள் 7, ஞாயிறு: கழுவும் நாள்

மால்மோவிலிருந்து இ6-இல் கோத்தன்பர்க் சுமார் 270 கிலோமீட்டர், அலுப்பான நல்ல சாலை. முக்கியமான வேலை வந்து சேர்ந்த பிறகுதான்.

வெளிநாட்டு மண் ஒட்டிய வண்டியை அமெரிக்கச் சுங்கமும் வேளாண் துறையும் உள்ளே விடுவதில்லை. மண்ணோடு பூச்சியும் விதையும் நோய்க் கிருமியும் வரும் என்பதே காரணம். அழுக்கு இருந்தால் துறைமுகத்திலேயே நிறுத்திக் கழுவ வேண்டியிருக்கும், நாள்கள் கூடும். எனவே அடிப்பாகமும் கழுவும் வசதி உள்ள நிலையத்துக்குப் போங்கள். சக்கர வளைவின் உள்விளிம்பு, மண்தடுப்பின் பின்புறம், கால் விரிப்பின் அடி, சரக்கு அறையின் மூலை ஆகிய நான்கும் மறந்துபோகும் இடங்கள். ஓட்டல் வாசலில் வாளி வைத்துக் கழுவாதீர்கள். சோப்பு நீர் மழைநீர் வடிகாலில் போவதால் பல ஊர்களில் தடை.

பிறகு வண்டியைக் காலி செய்யுங்கள். மிட்டாய், பழம், விளையாட்டுச் சாமான், போர்வை எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. காரைப் பெட்டியாகப் பயன்படுத்த வேண்டாம் என்று சுங்கத் துறையே சொல்கிறது. திருட்டுப் போனால் கப்பல் நிறுவனமும் பொறுப்பேற்காது. பெட்ரோல் கால் தொட்டிக்குக் கீழே இருக்கட்டும்.

நாள் 8, திங்கள்: ஒப்படைப்பு

பகல் வெளிச்சத்தில் போங்கள். நான்கு மூலை, நான்கு சக்கரம், கூரை, முன் கண்ணாடி, ஓடோமீட்டர், எரிபொருள் முள் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுங்கள். ஒப்படைப்புத் தாளின் நகலில் ஓடோமீட்டர் எண் எழுதியிருக்க வேண்டும். கோத்தன்பர்க்கில் விடுவது இலவசம். வேறு ஐரோப்பிய நகரங்களில் விட்டால் தனிக் கட்டணம். வாடகை குழந்தை இருக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விமான நிலையப் பேருந்தைப் பிடிக்கலாம்.

சுமார் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து: டீலர் முற்றம்

வண்டி சக்கரத்தில் ஓடியே கப்பலுக்குள் ஏறி இறங்கும். இறக்குமதி வரியும் (2019-இல் அது 2.5 சதவீதம்) சுங்க வேலையும் விலைக்குள் அடங்கியவை. விற்பனை வரியும் நிரந்தரப் பதிவும் உங்கள் மாநிலக் கணக்கில்.

வழியில் அடிபடும் இடங்கள் தெரிந்தவைதான்: பம்பர் ஓரம், கண்ணாடிக் கூடு, சக்கர விளிம்பு. கோத்தன்பர்க் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, டீலர் கழுவி மெருகேற்றும் முன் சுற்றி வாருங்கள். மெருகு மெல்லிய கீறலை ஒரு மாதத்துக்கு மறைக்கும். புகார் கொடுக்கும் கெடு முடிந்த பிறகு கீறல் வெளியே வரும். ஓடோமீட்டர் படத்தில் இருப்பதைவிடச் சில மைல் கூடியிருப்பது இயல்பு, கப்பலிலும் முற்றத்திலும் நகர்த்தியிருப்பார்கள். நூற்றுக்கணக்கில் கூடியிருந்தால் பேனாவைத் திறக்காதீர்கள்.